தையல் மெஷின் இறுகி நின்றுவிட்டதா? மெக்கானிக்கிடம் தூக்கிப்போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் மிதியிலிருந்து காலை எடுங்கள். மோட்டார் வைத்த மெஷின் என்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கும்போது மோட்டாரை அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். கைச்சக்கரத்தைப் பலம் கொண்ட மட்டும் திருப்பிப் பார்க்கத் தோன்றும், அதையும் செய்யாதீர்கள். நூல் சிக்கினால் மெஷின் கெடுவதில்லை. சிக்கிய பிறகு நாம் காட்டும் பலத்தில்தான் கெடுகிறது.

போன மார்கழியில், பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில், எங்கள் தெருப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, மெஷின் செத்துப்போய்விட்டது" என்றாள். அவள் அம்மாவுக்கு அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்த மெஷின் அது. தையல் பழகத் தொடங்கி அவளுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தையின் பொங்கல் ரவிக்கைதான் அவள் கூலிக்கு வாங்கிய முதல் துணி. போய்ப் பார்த்தேன். துணிக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு நூல் சுருண்டு இறுகியிருந்தது. அவள் தம்பி சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பியதில் ஊசி வளைந்து, முனை உடைந்து உள்ளே விழுந்திருந்தது. சுருண்ட நூலை வெட்டியெடுக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அந்த ஊசிமுனையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

காவேரிப்பட்டணத்தில் இருபது ஆண்டுகளாகத் தைக்கிறேன். இப்படி என்னிடம் வந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு மெக்கானிக் தேவைப்படவே இல்லை. எனக்காவது கிருஷ்ணகிரி பக்கம். அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் இருக்கும் பெண்கள், பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புத் தலையைக் கோணியில் கட்டி பஸ்ஸில் ஏற்றி ஓசூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பண்டிகை வாரத்தில் மெக்கானிக் "விட்டுவிட்டுப் போங்கள்" என்றால் இன்னும் இரண்டு நாள் போய்விடும். அரை மணி நேரத்தில் நீங்களே எடுக்கக்கூடிய ஒரு நூலுக்காக இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பதால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்வது பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு நிற நேர்த்தையல் மெஷினுக்கு. அடியில் பாபின் கேஸும் (கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கும் இரும்புக்கூடு), பிறை வடிவ ஷட்டிலும் உள்ள புதிய மோட்டார் மெஷின்களுக்கும் அப்படியே பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ள வேண்டும். ஊசி மேல்நூலைத் துணிக்கு அடியில் கொண்டுபோகிறது. கீழே போய்ச் சேர்ந்த ஊசி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் மேலே ஏறும்போது அதன் பின்னால் நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அந்த நொடியில் ஷட்டிலின் கூர்முனை வந்து வளையத்தைக் கவ்வி, பாபின் கேஸைச் சுற்றிக் கடத்திவிடுகிறது. அதற்குள் கீழ்நூல் மாட்டிக்கொள்கிறது. மெஷினின் முகப்பில் மேலும் கீழும் ஆடுகிறதே, துளையுள்ள ஒரு கை, அதுதான் மிச்ச நூலை மேலே சுண்டி இழுத்துத் தையலை இறுக்குகிறது. நூல் தூக்கி என்று அதைச் சொல்கிறேன்.

அந்தக் கை இழுக்காவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வளையம் கீழேயே தங்கிவிடும். பத்துத் தையலுக்குப் பத்து வளையம். அவை ஷட்டிலைச் சுற்றி இறுகிச் சக்கரத்தை நிறுத்திவிடும். அதனால்தான், துணிக்கு அடியில் நூல் சுருண்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் அடியில் சிக்கலைப் பார்த்ததும் பாபினைக் குறை சொல்லி, பாபின் கேஸின் சின்னத் திருகைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் திருகு தொலைந்தால் பிறகு உண்மையாகவே கடைக்குப் போக வேண்டிவரும்.

துணியை விடுவிப்பது

அழுத்துகாலைத் தூக்குங்கள். மெஷினின் தலையைச் சாய்த்தோ, பக்கத்து மூடியைத் தள்ளியோ பாபின் கேஸின் தாழ்ப்பாளைப் பிடித்து வெளியே எடுக்கப் பாருங்கள். அது வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தளர்ந்துவிடும். வராவிட்டால் வம்பு செய்யாதீர்கள். கைச்சக்கரத்தை ஒரு விரல் அகலம் உங்கள் பக்கமும், ஒரு விரல் அகலம் எதிர்ப்பக்கமும் மெல்ல ஆட்டுங்கள். சிக்கிய நூல் சற்று நெகிழ்ந்து ஊசி மேலே வரக்கூடும். நூல் மாட்டியிருக்கும்போது எதிர்ப்பக்கம் திருப்பலாம் என்று நான் சொல்வது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

ஊசி மேலே வந்ததும் துணியைக் கொஞ்சமாக உயர்த்தி, துணிக்கும் ஊசித்தட்டுக்கும் (ஊசி இறங்கும் துளையுள்ள இரும்புத் தட்டு) நடுவே மெல்லிய கத்தரியை நுழைத்து நூல்களை வெட்டுங்கள். நூல் வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். நூல் போனால் வாங்கிக்கொள்ளலாம். பட்டு ரவிக்கை என்றால் கத்தரியைவிடத் தையல் பிரிப்பான் நல்லது. கூர்முனை துணியைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தபடி இருக்கட்டும்.

துணி வெளியே வந்த பிறகு ஊசியைக் கழற்றி ஒரு கண்ணாடி மேல் படுக்கவைத்துப் பாருங்கள். அடியில் தெரியும் இடைவெளி முழுநீளத்துக்கும் ஒரே மாதிரி இல்லையென்றால் ஊசி வளைந்திருக்கிறது, தூக்கியெறியுங்கள். ஊசி உடைந்திருந்தால் துண்டுகளைச் சேர்த்துவைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் முனை ஷட்டிலின் பாதையில் கிடந்தாலும் அது அந்தப் பாதையை உழுதுவிடும். அன்று அந்தப் பெண்ணின் மெஷினில் நான் ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டி உள்ளே விட்டுத்தான் முனையை எடுத்தேன்.

எங்கே இறுகியிருக்கிறது

இப்போது ஒரு சோதனை. கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். பாபினுக்கு நூல் சுற்றும்போது தளர்த்துவோமே, அதுதான். இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குமிழை உங்கள் பக்கமாகத் திருப்பித் தளர்த்துங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றுங்கள்.

சக்கரம் மட்டும் லேசாகச் சுற்றுகிறது, ஊசி மாட்டும் கம்பி அசையவில்லை என்றால், இறுக்கம் மெஷினின் தலைக்குள் இருக்கிறது. பெரும்பாலும் ஷட்டில் அறையில். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

சக்கரமே சுற்றவில்லை என்றால் ஷட்டிலைத் தொட வேண்டாம். கைச்சக்கரத்துக்கும் மெஷின் உடலுக்கும் நடுவே உள்ள சந்தில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பாபின் சுற்றி முடித்து நூலை வெட்டாமல் விட்டால் அது அங்கேதான் போய்ச் சுருளும். பாபின் சுற்றும் ரப்பர் சக்கரம் இன்னும் கைச்சக்கரத்தை அழுத்திக்கொண்டிருக்கிறதா? கீழே மிதியின் அச்சில் நூலோ துணிக்கிழிசலோ சுற்றியிருக்கிறதா? மிதிப்பலகையின் அடியில் குழந்தையின் பொம்மை மாட்டியிருந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சோதனை முடிந்ததும் குமிழை மறுபடி இறுக்க மறக்காதீர்கள். இறுக்காமல் விட்டால் சக்கரம் சுற்றும், ஊசி நிற்கும், புதிய கோளாறு வந்துவிட்டது என்று கலங்கிப்போவீர்கள்.

ஷட்டில் அறையைத் திறப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. வெளிச்சம் நன்றாக இருக்கும் காலை நேரத்தில் செய்யுங்கள். மெஷினின் கீழே வெள்ளைத் துண்டு ஒன்றை விரியுங்கள். விழும் திருகும் ஊசித்துண்டும் கண்ணில் படும். பக்கத்தில் எவர்சில்வர் தட்டு ஒன்றை வையுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அதில் அடுக்குங்கள். கைப்பேசி இருந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துவையுங்கள். திரும்பப் பூட்டும்போது எந்தப் பக்கம் எது இருந்தது என்று நினைவைத் தோண்ட வேண்டியிருக்காது.

ஊசி மாட்டும் கம்பி மேலே இருக்கட்டும். பாபின் கேஸை எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பின்னால் ஒரு வட்ட வளையம் தெரியும். சில மெஷின்களில் அதன் இரண்டு பக்கமும் சிறு தாழ்கள் இருக்கும். இரண்டையும் வெளிப்பக்கம் தள்ளினால் வளையம் கழன்றுவரும். சில பழைய மெஷின்களில் தாழுக்குப் பதில் திருகுகள் இருக்கும். வளையத்தை எடுத்தால் உள்ளே பிறை வடிவ ஷட்டில். அதன் நடுவில் உள்ள ஊசிபோன்ற தண்டைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். வரவில்லையென்றால் நூல் அதன் பின்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தெரியும் நூலை முனை மெலிந்த கத்தரியால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டி, சாமணத்தால் துண்டு துண்டாக எடுங்கள். ஒரே நூலாக உருவப் பார்த்தால் அது இன்னும் இறுகும்.

ஷட்டில் வெளியே வந்ததும் அந்தக் குழியைப் பாருங்கள். நூல் துணுக்கு, பஞ்சு, எண்ணெயில் ஊறிய தூசி எல்லாம் சேர்ந்து கறுப்புக் களிபோல அப்பியிருக்கும். சாலையோர வீடுகளில் இது இன்னும் அதிகம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள்; தூசி இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரம் துருவாகும். குழியின் சுற்றுப்பாதையை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் பளபளப்பு வரும்வரை துடையுங்கள். ஷட்டிலின் கூர்முனையை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே ஒரு கீறல் இருக்கிறது, ஊசி மோதியிருக்கும். சிறு கீறலை மிக நுண்ணிய உப்புத்தாளால் நாலைந்து முறை இதமாகத் தேய்த்தால் போதும். முனையே மழுங்கியிருந்தால் ஷட்டிலை மாற்ற வேண்டும். அப்போது பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவு வாங்குங்கள்.

இதே நேரத்தில் ஊசித்தட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றிவிடுங்கள். கீழே துணியை நகர்த்தும் பற்கள் இருக்கும். பல் வரிசைகளின் இடுக்கில் பஞ்சு படிந்து கம்பளிபோல இறுகியிருப்பதைக் கண்டால் வியப்படைவீர்கள். அதைக் குண்டூசியால் கிளறி எடுங்கள். தட்டின் துளையைச் சுற்றி ஊசி குத்திய வடு இருந்தால் அதையும் உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள். அந்த வடுவில்தான் நூல் உரசிப் பிசிறாகி அறுந்து திரும்பத் திரும்பச் சிக்குகிறது.

திரும்பப் பூட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழிக்குள் ஷட்டிலை ஆட்டும் ஒரு பிறை ஏற்கெனவே இருக்கும். கைச்சக்கரத்தைச் சுழற்றி அந்தப் பிறையை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஷட்டில் மறுபக்கம் உட்கார வேண்டும். இரண்டு பிறையும் சேர்ந்து ஒரு முழுநிலவு ஆனால் சரி. ஷட்டிலின் தண்டு உங்களைப் பார்த்து இருக்கட்டும். பாதையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வளையத்தை வைத்துத் தாழ்களை மூடும்போது "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது. அழுத்தாதீர்கள், எடுத்து மறுபடி வையுங்கள். பிறகு நூல் இல்லாமல், ஊசியும் இல்லாமல், கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் தட்டாமல் சுற்றினால் கடினமான பகுதி முடிந்தது.

பாபின் மேலிருந்து போடும் பிளாஸ்டிக் அறை உள்ள மெஷின்களில் இந்த வேலை எளிது. ஊசித்தட்டை எடுத்து, பாபின் அமரும் கிண்ணத்தைத் தூக்கி, துடைத்து, இருந்த நிலையிலேயே வைத்தால் போதும்.

மேல்நூலை மறுபடி கோப்பது

சிக்கலை எடுத்துவிட்டு அதே தப்போடு மறுபடி தைத்தால் இரண்டாவது நிமிடமே மறுபடி நிற்கும். ஆகவே மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு முதலிலிருந்து கோத்துவிடுங்கள். கோக்கும்போது அழுத்துகால் மேலே தூக்கியிருக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். அழுத்துகால் மேலே இருந்தால்தான் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகி நூலை உள்ளே விடும். கீழே இறக்கிவைத்துக் கோத்தால் நூல் தட்டுகளின் மேலேயே மிதக்கும். எந்தப் பிடியும் இல்லாமல் ஓடிவரும். துணிக்கு அடியில் வளையம் வளையமாகக் கொட்டும். டென்ஷன் டயலை எவ்வளவு திருகினாலும் பயன் இருக்காது.

சரியாக அமர்ந்ததா என்று அறிய வழி இருக்கிறது. ஊசிக்குள் கோக்கும் முன், அழுத்துகாலை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். கை உணரும்படி ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். அழுத்துகாலைத் தூக்கி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இந்த வேறுபாடு தெரியவில்லையென்றால் நூல் தட்டுக்குள் இல்லை, அல்லது தட்டுக்குள் ஒரு பஞ்சுத் துணுக்கு உட்கார்ந்து அவற்றைச் சேரவிடாமல் வைத்திருக்கிறது. மெல்லிய துணியின் ஓரத்தை மடித்துத் தட்டுகளின் இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள்.

அடுத்தது நூல் தூக்கியின் துளை. நூல் அதிலிருந்து நழுவியிருந்தால் நான்கு தையலுக்குள் மெஷின் நின்றுவிடும்.

பிறகு ஊசி. ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும்; தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பதை ஊசிக்குச் சற்று மேலே இருக்கும் கடைசிக் கம்பிக்கொக்கி காட்டிக்கொடுக்கும். அது இருக்கும் பக்கமே நுழையும் பக்கம். கறுப்பு மெஷின்களில் இது பக்கவாட்டில் இருக்கும். வளைதையலும் (ஜிக்ஜாக்) போடும் புது மெஷின்களில் முன்னாலிருந்து பின்னால் கோக்க வேண்டும், தட்டைப் பக்கம் பின்னால். ஊசியை அதன் குழியில் முட்டும்வரை மேலே தள்ளிவிட்டுத் திருகை இறுக்குங்கள். அரை மில்லிமீட்டர் கீழே இருந்தாலும் ஷட்டில் வளையத்தைத் தவறவிடும்.

ஊசி எண்ணுக்கும் துணிக்கும் பொருத்தம் வேண்டும். மெல்லிய பட்டு, ஜார்ஜெட்டுக்கு 11. சாதாரணப் பருத்தி ரவிக்கைக்கு 14 அல்லது 16. ஜீன்ஸ், பை தைக்கும் கெட்டித் துணிக்கு 18. லைனிங்கும் ஜரிகைக் கரையும் சேர்ந்த பட்டு ரவிக்கையில் 11 போட்டு ஓட்டினால் ஊசி வளைந்து தட்டில் மோதும். கடையில் வாங்கும்போது "வீட்டு மெஷின் ஊசி" என்று கேளுங்கள். தையற்கூடத்துப் பெரிய மெஷின்களின் ஊசித் தண்டு உருண்டையாக இருக்கும். அதை நம் மெஷினில் எப்படியோ நுழைத்துவிட முடியும். அதனால்தான் அது ஆபத்து.

சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது

மிதி மெஷினில் பழகுகிறவர்கள் இதை நாள்தோறும் சந்திக்கிறார்கள், ஆனால் காரணம் தெரிவதில்லை. கைச்சக்கரம் எப்போதும் உங்களை நோக்கித்தான் சுற்ற வேண்டும். மிதியைத் தவறான கணத்தில் அழுத்தினால் அது எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கும். ஒரே ஒரு சுற்று போதும். நூல் ஷட்டிலுக்குள் சுருண்டுவிடும். வகுப்பில் நன்றாகத் தைத்த பெண் வீட்டில் தைத்தால் மட்டும் சிக்குகிறதே என்று வந்தால் நான் முதலில் அவள் காலைத்தான் பார்ப்பேன்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. நூலை உருவிவிடுங்கள். அழுத்துகாலைத் தூக்குங்கள். நடுக்குமிழைத் தளர்த்தி ஊசியை ஓய்வில் விடுங்கள். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கம் இழுத்துவிட்டு, அது ஓடத் தொடங்கிய பிறகு கால் அதன் பின்னால் போகட்டும். கை தொடங்குகிறது, கால் தொடர்கிறது. நிறுத்தும்போதும் கை சக்கரத்தின்மேல் போக வேண்டும். நாளுக்குக் கால் மணி நேரம், ஒரு வாரம் செய்தால் கால் தானாகப் பழகிவிடும். நான் சொல்லிக்கொடுத்த பெண்களில் இந்த ஒரு வாரத்தைப் பொறுத்தவர்கள் எல்லோரும் இன்றும் தைக்கிறார்கள்.

தையலைத் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் ஒரு சாண் நீளம் பின்பக்கமாக இழுத்து, முதல் நாலைந்து தையல்வரை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நூல் தூக்கி உச்சியில் இருக்கும்போது தொடங்குங்கள். துணியின் விளிம்பிலேயே ஊசியை இறக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்குங்கள். விளிம்பு மெல்லியதாக இருந்தால் ஊசி அதைத் தட்டின் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

தையல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டு துணி நகராமல் நின்று சிக்குகிறதா? தையல் நீளத்தின் நெம்புகோல் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். எம்பிராய்டரிக்காகப் பற்களை இறக்கும் வசதியுள்ள மெஷினில் யாராவது இறக்கிவிட்டு மறந்திருக்கலாம்.

நூல் சிக்கவில்லை, ஆனாலும் கனமாகச் சுற்றுகிறது

மெஷின் எண்ணெய் இல்லையென்று தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறீர்களா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கோபத்தோடு கேட்டதில்லை. கையில் இருப்பதை விடுவது இயல்பு. ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். தை மாதக் காலையில் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் அலமாரியில் வைத்த எண்ணெய்ப் புட்டி வெள்ளையாகக் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மெஷினின் மூட்டுகளுக்குள்ளும் அப்படியேதான் கட்டுகிறது. வெயில் ஏறினால் உருகும் என்பது உண்மை. நாளடைவில் அது காற்றோடு சேர்ந்து பிசினாகி, தூசியைப் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்மை. சமையல் எண்ணெய்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இப்படிப் பிசின் பிடித்த மெஷினுக்கு, மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும், கீழே உரசும் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. மோட்டார் இருந்தால் அதைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். அதன்மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. ஊசியும் நூலும் எடுத்துவிட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னுமாகச் சற்றே ஆட்டி ஆட்டி விடுங்கள். அசையவில்லையென்றால் இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் பழுப்பு நிறத்தில் அழுக்கு கசிந்திருக்கும். துடைத்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். சுழல் லேசானதும் மண்ணெண்ணெய் முழுவதும் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு விட வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், உராய்வைத் தடுக்காது. அதோடு விட்டுவிட்டால் இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்துவிடும். எண்ணெய் விட்ட பிறகு கழிவுத்துணியில் இரண்டு மூன்று முழம் நூல் இல்லாமல் ஓட்டுங்கள். மிஞ்சிய எண்ணெய் அதில் இறங்கட்டும், அத்தையின் ரவிக்கையில் இறங்க வேண்டாம்.

மிதி மெஷினில் தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் மெஷின் கனமாகிவிட்டதுபோலத் தோன்றும். மழைக்காலத்தில் தோல் ஈரத்தில் நீளும். கொக்கியைக் கழற்றி ஒரு விரற்கடை வெட்டி மறுபடி மாட்டினால் சரியாகும்.

சிவப்பும் வெள்ளையும்

எல்லாம் பூட்டியான பிறகு நல்ல துணியில் கை வைக்காதீர்கள். உதிரித் துணி ஒன்றை இரண்டாக மடித்து, மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு ஒரு சாண் தையுங்கள். மேல்பக்கம் சிவப்பு மட்டும், அடியில் வெள்ளை மட்டும் தெரிந்தால் நன்று. அடியில் சிவப்புப் புள்ளிகள் எட்டிப்பார்த்தால் மேல்நூல் தளர்வு. டயலைக் கால் சுற்று இறுக்குங்கள். மேலே வெள்ளை தெரிந்தால் மேல்நூல் அதிக இறுக்கம். கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

டயலால் சரியாகவே இல்லையென்றால் மட்டும் பாபின் கேஸைப் பாருங்கள். நூல் அதன் வெட்டு வழியாகப் போய் இரும்பு நாக்கின் அடியில் வந்திருக்க வேண்டும். நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக நழுவிக் கீழே ஓடக் கூடாது. கையை மெல்ல உதறினால் ஓர் அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். ஓடிவிட்டால் சின்னத் திருகைக் கடிகார முள் சுற்றும் பக்கம் அரைக்கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாபினில் நூல் கோணலாகவோ, விளிம்பு தாண்டியோ சுற்றியிருந்தால் எந்தத் திருகாலும் பயனில்லை. வெட்டியெறிந்துவிட்டுச் சீராகச் சுற்றுங்கள். விளிம்பு நசுங்கிய பாபினை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் பலர். புதுப் பாபின் வாங்கிவிடுங்கள்.

எப்போது தூக்கிப்போக வேண்டும்

புது ஊசி, சரியாகக் கோத்த நூல், சுத்தமான ஷட்டில் எல்லாம் இருந்தும் தையல் விழவே இல்லையென்றால் ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தவறியிருக்கிறது. ஊசி இறங்கும்போது தட்டின் துளை நடுவில் இறங்காமல் ஓரத்தை உரசினால் ஊசிக்கம்பி வளைந்திருக்கலாம். சக்கரத்தைச் சுற்றும்போது ஒரே இடத்தில் இரும்பு இரும்பில் மோதும் சத்தம் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். இவை மெக்கானிக்கின் வேலை. மோட்டாரில் கருகிய வாடை வந்தாலும் அப்படியே.

மேசையோடு தூக்க வேண்டாம். பெல்ட்டைக் கழற்றுங்கள். தலையின் பின்பக்கம் இரண்டு கீல்களில் இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் தலை மட்டும் தனியே வரும். ஊசியைக் கழற்றுங்கள், அழுத்துகாலின் கீழே மடித்த துணி ஒன்றை வைத்து இறக்குங்கள், போர்வையில் சுற்றிக் கட்டுங்கள். பாபின் கேஸையும் நீங்கள் பயன்படுத்தும் நூற்கண்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். சிவப்பும் வெள்ளையுமாகத் தைத்த அந்தத் துண்டுத் துணியையும் மெக்கானிக் கையில் கொடுங்கள். நீங்கள் செய்து பார்த்தவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். உங்கள் முன்னாலேயே நான்கு அங்குலம் தைத்துக் காட்டச் சொல்லி, அதை வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.